செய்தி சொல்பவரின் நிறம்

நாம் அறிந்தவை என்று சொல்லிக்கொள்பவற்றுள் நாமே கண்டறிந்தவை எத்துணை? பிறந்த ஊரின் குளத்தையும் கோயிலையும் கண்டிருக்கிறோம். பிழைப்பின் பொருட்டுக் குடியேறிய இந்நகரத்தின் சில தெருக்களைக் கண்டிருக்கிறோம். எஞ்சிய உலகம் முழுவதையும் பிறர் சொல்லக் கேட்டே அறிந்திருக்கிறோம். எங்கோ போர் மூண்டது என்பதும், அரசு மாறியது என்பதும் காட்சியால் வந்த அறிவு அல்ல. கேள்வியால் வந்த அறிவு. தமிழகத்தை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இது இன்னும் பொருந்தும். பெற்ற தாய் இருக்கும் மாவட்டத்தில் புயல் அடித்த செய்தியைக்கூட வானொலியோ தொலைக்காட்சியோ சொல்லித்தான் நாம் அறிகிறோம்.

ஆகவே, யார் சொல்வதை நம்புவது என்னும் வினா அறிவைப் பற்றிய வினா மட்டும் அன்று. அறத்தைப் பற்றிய வினாவும் ஆகும். ஒருவர் சொல்லை ஏற்பது அவருக்கு நாம் தரும் மதிப்பு. தக்க காரணமின்றி மறுப்பது அவருக்கு இழைக்கும் தீங்கு. அந்தத் தீங்கு தோலின் நிறத்தை முன்னிட்டு நேர்ந்தால் என்ன ஆகும்? இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வானொலி, தொலைக்காட்சிச் செய்திகளின் வரலாறு இவ்வினாவுக்கு விரிவான விடை தருகிறது. அவ்வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டி, நம்பிக்கைக்கு உரியவர் யார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆப்தர் யார்?

இவ்வினா நம் நாட்டுக்குப் புதியது அன்று. காட்சி, கருதல் ஆகியவற்றோடு, நம்பத் தக்கார் உரையையும் அறிவு பெறும் வழிகளுள் ஒன்றாக நம் முன்னோர் எண்ணினர். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி அடுக்கிச் சொல்லும் அளவைகளுள் ஆகமமும் ஒன்று. வடமொழி நியாய நூலார் இதனைச் 'சப்தம்' என்றனர். நம்பத் தக்க சொல்லை உரைப்பவரை 'ஆப்தர்' என்றனர்.

நியாய சூத்திரத்துக்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர் ஆப்தருக்கு இலக்கணம் கூறுகிறார். பொருளை நேரே உணர்ந்திருக்க வேண்டும். உணர்ந்தவாறே பிறர்க்கு உரைக்கும் விருப்பமும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் உடையவரே ஆப்தர். அவர் இவ்வளவில் நிற்கவில்லை. இவ்விலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்றும் வெளிப்படையாக எழுதிவைத்தார். பிறப்பாலும் இனத்தாலும் மக்களைப் பிரித்துப் பார்த்த ஒரு காலத்தில், வேற்றினத்தான் என்பதற்காக ஒருவன் சாட்சியைத் தள்ளக் கூடாது என்று ஒரு தருக்க நூல் சொல்லியது வியப்பன்றோ! திருவள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில், சொல்லியவர் யார் என்பதில் மயங்காமல் சொல்லப்பட்டதன் மெய்யைத் தேடுக என்ற நெறியையே வகுத்தார்.

ஆயினும் செய்தியைப் பொறுத்த மட்டில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நூலில் உள்ள கருத்தை நம் அறிவால் எடை போடலாம். ஆயிரம் கல் தொலைவில் நடந்ததை எடை போடக் கேட்பவனிடம் தராசு ஏது? சொல்பவரைத்தான் பார்க்க வேண்டியுள்ளது. அவர் முகத்தையும் குரலையும்தான் நாம் அறிகிறோம். இவ்விடைவெளியில்தான் நிறம் நுழைந்து அமர்ந்துகொண்டது.

உடை அணிந்த குரல்

தொலைக்காட்சி பரவுவதற்கு முன்னமே குரலுக்கு ஒரு சாதி ஏற்பட்டுவிட்டது. பி.பி.சி. நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளில், மாலைச் செய்தி வாசிப்போர் விருந்துக்குச் செல்வோரைப் போலக் கறுப்பு அங்கியும் கழுத்துப்பட்டையும் அணிந்து ஒலிவாங்கியின் முன் அமர்ந்தனர். கேட்போர் யாரும் அவர்களைப் பார்க்க இயலாது. ஆயினும் உடை அங்கே இருந்தது. தென் இங்கிலாந்தின் உயர்குடிப் பள்ளிகளில் பயின்றோரின் உச்சரிப்பே செய்திக்கு உரிய உச்சரிப்பு என்று கொள்ளப்பட்டது.

1941ஆம் ஆண்டு, போர்க்காலத்தில், வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்பவர் தேசியச் செய்தியை வாசிக்க அமர்த்தப்பட்டார். அவர் வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்தவர். அவ்வட்டாரப் பேச்சின் சாயல் அவர் குரலில் இருந்தது. பகைவர் எளிதில் போலி செய்ய முடியாத குரல் என்பதும் அவரைத் தேர்ந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. கேட்போரிடமிருந்து முறையீடுகள் எழுந்தன. அந்தப் பேச்சில் கேட்டால் செய்தியை நம்ப முடியவில்லை என்பதே அவற்றின் சாரம். வாசித்தவர் வெள்ளையர், ஆங்கிலேயர், வாசித்த தாளும் அதே தாள். குரலின் ஊர் மட்டும் மாறியிருந்தது.

நடுநிலையான குரல் என்று மக்கள் எண்ணியது உண்மையில் ஒரு சிறு கூட்டத்தின் குரலே. நெடுநாள் கேட்டுப் பழகியதனால் அதன் ஊரும் குலமும் செவிக்குத் தெரியாமல் போயின. பழக்கத்தை நாம் நம்பிக்கை என்று தவறாக எண்ணுகிறோம். ஒரே இனத்துக்குள்ளேயே இந்நிலை என்றால், நிறம் வேறுபட்டபோது நிகழ்ந்ததைச் சொல்லவும் வேண்டுமோ?

திரைக்குப் பின்னிருந்த முகம்

1959ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் போர்ட்ஸ்மத் என்னும் ஊரில் ஒரு தொலைக்காட்சி நிலையம் இருந்தது. அங்கே மாக்ஸ் ராபின்சன் என்னும் கறுப்பின இளைஞருக்குச் செய்தி வாசிக்கும் வேலை கிடைத்தது. ஆனால் அவர் முகம் திரையில் தோன்றாது. நிலையத்தின் சின்னம் பொறித்த படம் ஒன்று திரையை மறைத்து நிற்க, அதன் பின்னிருந்து அவர் குரல் மட்டும் ஒலிக்கும். ஒரு நாள் அந்தப் படத்தை விலக்கச் சொல்லி, முகம் தெரிய அவர் செய்தி வாசித்தார். மறுநாள் வேலை போயிற்று.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். முதல் நாள் வரை அந்தக் குரலைக் கேட்டோர் செய்தியை ஏற்றனர். மறுநாள் குரல் மாறவில்லை. சொல்லின் திருத்தம் குறையவில்லை. செய்தியின் மெய்ம்மையில் ஓர் அணுவும் தேயவில்லை. ஒரு முகம் மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. அவ்வளவில் அவர் தகுதியற்றவர் ஆனார் என்றால், அதுகாறும் பார்வையாளர் நம்பியது எதனை? செய்தியை அன்று, அச்செய்தியைச் சொல்பவர் வெள்ளையராகத்தான் இருப்பார் என்ற தங்கள் கற்பனையையே நம்பியிருந்தனர். எந்த ஆய்வுக்கூடத்திலும் இதனினும் தெளிவான சோதனையை அமைத்தல் அரிது.

அதே ராபின்சன் 1978இல் ஏ.பி.சி. நிறுவனத்தின் இரவுச் செய்தியைத் தொகுத்து வழங்கிய மூவருள் ஒருவரானார். அமெரிக்காவின் தேசியத் தொலைக்காட்சிச் செய்தியில் அவ்விடத்தை அடைந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. பத்தொன்பது ஆண்டுகளில் திரை விலகிவிட்டது என்று மகிழலாம். ஆனால் 1981இல் ஒரு கல்லூரியில் பேசியபோது, அதிபர் ரீகனின் பதவியேற்பு போன்ற பெருஞ்செய்திகளில் தம்மை ஒதுக்கி வைத்ததாக அவர் வெளிப்படையாகக் குறை கூறினார். முகம் திரைக்கு வந்தது. செய்தியைத் தீர்மானிக்கும் மேசையருகே நாற்காலி வரவில்லை என்பதே அவர் மனக்குறையின் சாரம். 1983இல் அந்த மூவர் அமைப்பு முடிவுக்கு வந்தது. 1988இல், ஐம்பது வயது நிறையுமுன்னே அவர் மறைந்தார்.

இங்கிலாந்திலும் இதற்கு இணையான கதை உண்டு. ஜமைக்காவில் பிறந்த பார்பரா பிளேக் ஹானா 1968இல் தேம்ஸ் தொலைக்காட்சியில் திரையில் தோன்றும் செய்தியாளராகப் பணியேற்றார். ஒன்பது மாதங்களில் பணி முடிவுக்கு வந்தது. ஒரு கறுப்பினப் பெண்ணைத் திரையில் காட்டுவதை எதிர்த்துப் பார்வையாளர்கள் நிலையத்துக்கு விடாது முறையிட்டதே காரணமாகச் சொல்லப்பட்டது என்று அவர் பின்னாளில் பதிவு செய்துள்ளார். பார்வையாளர் விரும்பவில்லை என்ற ஒரு சொல்லின் பின்னால் நிறுவனம் ஒளிந்துகொள்வது எளிது. அநீதி ஊர் முழுவதற்கும் உரியதாகிவிட்டால் தனி ஒருவரும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை அல்லவா?

நம்பாமையின் விலை

'வேலை வாய்ப்பு இழந்தவர் சிலர். அதற்கு இவ்வளவு வருத்தம் எதற்கு?' என்று கேட்பாரும் உளர். இழந்தது அச்சிலரின் ஊதியம் மட்டும் அன்று. சொல்பவரை நம்பாத சமூகம் அவர் சொல்ல வந்ததையும் இழக்கிறது.

மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் இருந்த டபிள்யூ.எல்.பி.டி. என்னும் தொலைக்காட்சி நிலையத்தின் கதை இதற்குச் சான்று. அதன் ஒளிபரப்பு எல்லையில் வாழ்ந்த மக்களுள் பெரும் பகுதியினர் கறுப்பினத்தவர். 1955இல் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேசிய நிகழ்ச்சியில் தோன்றியபோது, இந்நிலையம் ஒளிபரப்பைத் துண்டித்து, கம்பிக் கோளாறு என்று திரையில் எழுதிக் காட்டியது. கம்பியில் கோளாறு இல்லை, நெஞ்சில் இருந்தது. இதே மார்ஷல் 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார்.

1963 மே 20ஆம் நாள், குடியுரிமை இயக்கத் தலைவர் மெட்கர் எவர்ஸுக்கு அந்நிலையத்தில் பேச 17 நிமிடங்கள் கிடைத்தன. நெடிய முறையீடுகளுக்குப் பின் கிடைத்த வாய்ப்பு அது. தம் மக்கள் அந்நகரில் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அவர் எடுத்துரைத்தார். அடுத்த மாதம் 12ஆம் நாள் தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு நகரத்தின் பாதி மக்கள் தம் அண்டை வீட்டாரின் குறையை அவர் வாயாலேயே கேட்கக் கிடைத்த நேரம் அந்த 17 நிமிடங்களே என்றால், ஏனைய நாள்களில் அவர்கள் கேட்டதைச் செய்தி என்று எவ்வாறு அழைப்பது?

1964இல் ஒரு கிறித்தவ திருச்சபையின் தொடர்பு அலுவலகம் அந்நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று முறையிட்டது. 1966இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு புதுக் கொள்கையை நிறுவியது: ஒளிபரப்பைக் கேட்கும் பொதுமக்களுக்கும் உரிம விசாரணையில் வாதாடும் உரிமை உண்டு. 1969இல் அதே நீதிமன்றம் உரிமத்தை நீக்கும் தீர்ப்பை வழங்கியது. 1972இல் கறுப்பினத்தவரான வில்லியம் டில்டே அந்நிலையத்தின் பொது மேலாளர் ஆனார்.

1967ஆம் ஆண்டுக் கோடையில் நெவார்க், டெட்ராய்ட் முதலிய நகரங்கள் கலவரத்தில் எரிந்தன. காரணங்களை ஆராய அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணைக்குழு 1968இல் அறிக்கை தந்தது. அதில் ஓர் அதிகாரம் முழுவதும் செய்தித் துறையைப் பற்றியது. செய்தி உருவாக்கும் பணிகளில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு, ஆசிரியர், மேற்பார்வையாளர் பணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்று அது கணக்கிட்டது. வெள்ளையரின் உலகத்திலிருந்து வெள்ளையரின் கண்ணால் மட்டுமே நாடு பார்க்கப்படுகிறது என்பது அதன் முடிவு. வாயால் சொன்னதை ஏற்காத நாடு, தீ சொன்ன பிறகே செவி சாய்த்தது.

இவ்வகைத் தீங்குக்கு மெய்யியலில் இன்று ஒரு தனி இடம் உண்டு. ஆங்கில மெய்யியலார் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய நூலில், கேட்பவரின் தப்பெண்ணத்தால் ஒருவரின் சொல் தகுதிக்குக் குறைவாக மதிக்கப்படுவதைச் சாட்சிய அநீதி என்று வகுத்தார். அறிபவன் என்ற நிலையிலேயே அம்மனிதன் இழிவு செய்யப்படுகிறான் என்பது அவர் கருத்து. பொருளைப் பறித்தால் மீட்கலாம். தான் கண்டதைத் தானே ஐயுறுமாறு ஒருவனைச் செய்துவிட்டால் மீட்பது எளிதோ?

கடன் வாங்கிய குரல்

இவ்வளவில் நிறுத்தினால், எல்லா நிறத்தாரையும் திரையில் அமர்த்திவிட்டால் அறம் நிறைவேறியது என்று தோன்றும். அவ்வாறு இல்லை. நிறத்தால் நம்ப மறுப்பது ஒரு பிழை. நிறத்தைக் காட்டி நம்பவைப்பது மற்றொரு பிழை. இவ்விரண்டாம் பிழையின் வரலாற்றில் நம் தமிழுக்கும் பங்கு உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியர்க்கு இலண்டனிலிருந்து செய்தி சொல்ல வேண்டிய தேவை ஆங்கில அரசுக்கு ஏற்பட்டது. ஆள்வோரின் குரலை ஆளப்படுவோர் எளிதில் நம்பார். 1941 மே 3ஆம் நாள் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு ஒரு செய்திமடலாகத் தொடங்கியது. பின்னாளில் சோ. சிவபாதசுந்தரம் அதற்குத் 'தமிழோசை' என்னும் இனிய பெயரைச் சூட்டினார். போர்க் காலத்தில் அந்நிறுவனத்தின் கீழ்த்திசைப் பிரிவில் 1941 முதல் 1943 வரை பணியாற்றியவர் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். அவர் ஆங்கிலத்தில் எழுதிய செய்திமடல்களுள் சில தமிழ், வங்காளம், மராத்தி, குஜராத்தி ஆகிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு அம்மொழியாளரால் வாசிக்கப்பட்டன. ஆங்கில வாராந்தர உரைகளையும் தொடக்கத்தில் இந்தியரே வாசித்தனர். எல்லாம் தணிக்கையாளரின் ஒப்புதல் பெற்ற பின்னரே ஒலிவாங்கிக்குச் சென்றன.

அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்கின்றவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வரைவு எழுதியவர் ஒருவர், திருத்தியவர் மற்றொருவர், ஒப்பமிட்டவர் மூன்றாமவர். கடிதத்தைப் பெறுபவர் ஒப்பத்தை மட்டுமே பார்க்கிறார். அன்று இந்தியக் குரல் அந்த ஒப்பத்தின் இடத்தில் இருந்தது. வரைவு வேறிடத்தில் இருந்தது. அந்த வாசிப்பாளர்கள் பொய்யர் என்பது இதன் பொருள் அன்று; அவர்களுள் கற்றறிந்தோர் பலர் இருந்தனர். ஆனால் கேட்பவன் 'இவர் நம்மவர்' என்று தந்த நம்பிக்கை, நம்மவர் அல்லாத ஒருவரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. 1942இன் பிற்பகுதியில் ஆர்வெல் தம் பெயராலேயே வாசிக்க முன்வந்தபோது, எழுதியவரும் ஒலித்தவரும் ஒருவரே என்ற அளவிலேனும் அங்கே நேர்மை கூடியது என்று சொல்லலாம்.

அதே 1942 மார்ச் மாதத்தில், சுபாஷ் சந்திர போஸ் விமான விபத்தில் இறந்துவிட்டார் என்ற செய்தியை ராய்ட்டர் நிறுவனம் பரப்பியது. போஸின் தாயாருக்குக் காந்தியடிகள் இரங்கல் செய்தி அனுப்பும் அளவுக்கு அது நம்பப்பட்டது. போஸோ பெர்லினில் உயிரோடு இருந்தார். ஆசாத் ஹிந்து வானொலியில் தாமே பேசி அச்செய்தியை மறுத்தார். உலகின் நம்பிக்கைக்கு உரியது என்று பெயர் பெற்ற நிறுவனமும் தவறியது. அதே வேளையில், நம் மொழிகளில் ஒலித்த அந்த வானொலியும் ஜெர்மானிய அரசின் இசைவோடு நடந்ததே என்பதை மறத்தல் ஆகாது. வெள்ளைக் குரல் என்பதால் மெய்யும் அன்று. நம் குரல் என்பதால் முழுமையும் அன்று.

பட்டறிவு பக்கச்சார்பா?

இனி இக்காலத்துக்கு வருவோம். வெளிப்படையான விலக்கு இன்று பெரிதும் மறைந்துவிட்டது. டிரினிடாடில் பிறந்த டிரெவர் மெக்டொனால்டு 1973இல் ஐ.டி.என். நிறுவனத்தில் சேர்ந்து, 1992 முதல் அதன் இரவுச் செய்தியைத் தனி ஒருவராக வழங்கினார். இன விவகாரங்களுக்கு மட்டும் உரிய செய்தியாளராகத் தம்மைச் சுருக்கிவிடலாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1990இல் நெல்சன் மண்டேலாவையும் பேட்டி கண்டார். சதாம் உசேனையும் பேட்டி கண்டார். தன் இனத்தின் செய்தியைச் சொல்ல மட்டுமே ஒருவருக்குத் தகுதி உண்டு என்று கருதுவதும் நம்பாமையின் மெல்லிய வடிவமே அன்றோ?

அதன் மறுபுறத்தில் மற்றொரு வடிவம் உண்டு: தன் இனத்தின் செய்தியைச் சொல்ல அவருக்குத் தகுதியே இல்லை என்பது. 2019 ஜூலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப், நாடாளுமன்றப் பெண் உறுப்பினர் நால்வரை, வந்த இடத்துக்கே திரும்பிச் செல்லுமாறு சாடினார். அவர்களுள் மூவர் அமெரிக்காவிலேயே பிறந்தவர். மொரிஷியஸிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் குடியேறிய பெற்றோருக்கு இலண்டனில் பிறந்த நாகா முன்செட்டி, பி.பி.சி.யின் காலை நிகழ்ச்சியில் இதுபற்றி உடன் தொகுப்பாளர் கேட்ட வினாவுக்கு விடை சொன்னார். அத்தகைய சொல்லைத் தாம் கேட்க நேர்ந்த போதெல்லாம் அது இனவெறியில் வேரூன்றியிருந்தது என்றார். நிறுவனத்தின் முறையீட்டுப் பிரிவு அவர் நெறியை மீறினார் என்று செப்டம்பரில் முடிவு செய்தது. வினாத் தொடுத்த வெள்ளையரான தொகுப்பாளர் மீது அத்தகைய முடிவு எழவில்லை. எதிர்ப்பு வலுக்கவே, அம்மாதம் 30ஆம் நாள் தலைமை இயக்குநர் அந்த முடிவை மாற்றினார்.

இங்கே எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். செய்தி வழங்குபவர் தம் கருத்தைக் கலக்கக் கூடாது என்பது நல்ல நெறி. அந்நெறி தளர்ந்தால் செய்தி அரட்டையாகிவிடும். ஒருவர் அடிபட்டவர் என்பதாலேயே அவர் சொல்வதெல்லாம் மெய்யாகிவிடாது என்பதும் உண்மை. ஆனால் வாத்ஸ்யாயனரின் முதல் தேவையை நினைவு கூர்வோம்: பொருளை நேரே உணர்ந்திருத்தல். இழிசொல்லைத் தம் செவியால் கேட்டவர் அதன் பொருளை நேரே உணர்ந்தவர் அல்லரா? அந்த உணர்வு அறிவு என்று எண்ணப்படாமல், அறிவுக்குக் குறுக்கே நிற்கும் மாசு என்று எண்ணப்பட்டால், அச்சொல்லை ஒருநாளும் கேளாதவரே அதுபற்றிப் பேசத் தகுந்தவர் என்றாகும். வயலில் இறங்காதவனே பயிரைப் பற்றி நடுநிலையாகப் பேச வல்லவன் என்பது போன்றது இது. வெள்ளையராய் வாழ்ந்த அனுபவமும் ஓர் அனுபவமே. அதற்கும் ஒரு சாய்வு உண்டு. ஒன்றை மட்டும் சாய்வு என்று பெயரிட்டு, மற்றொன்றை நேர்கோடு என்று கொள்வதே அநீதி. பட்டறிவு சான்றாக ஏற்கப்பட வேண்டும். பிற சான்றுகளைப் போலவே சோதிக்கப்படவும் வேண்டும். சலுகையும் வேண்டா, விலக்கும் வேண்டா.

கேட்பவர் கடமை

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு யாது? நம்பிக்கையைச் சொல்பவரைப் பார்த்துத் தருவது தவறன்று. செய்தியில் அது தவிர்க்க முடியாதது. அவரிடம் எதனைப் பார்க்கிறோம் என்பதில்தான் அறம் உள்ளது. அவர் அறிந்தவரா, அறிந்தபடி சொல்பவரா என்ற இரண்டும் பழைய அளவைகள். வானொலியும் தொலைக்காட்சியும் வந்த பின்னர் இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டியுள்ளது. தவறு நேர்ந்தால் அதை ஒப்புக்கொண்டு திருத்துகிறாரா? அவர் வாயில் ஒலிக்கும் சொல்லைத் தீர்மானித்தவர் யார்? இந்நான்கு வினாக்களில் எதற்கும் தோலின் நிறம் விடை சொல்லாது.

இவ்வினாக்கள் இனிமேல் இன்னும் கூர்மையாகத் தேவைப்படும். 2024 மே மாதம் தூர்தர்ஷனின் உழவர் அலைவரிசையான டி.டி. கிசான், கணினி உருவாக்கிய இரண்டு செய்தி வாசிப்பாளர்களை அறிமுகப்படுத்தியது. அவர்களுக்கு முகம் உண்டு, குரல் உண்டு. பிறப்பும் இல்லை, ஊரும் இல்லை, எதையும் கண்ட கண்ணும் இல்லை. அத்தகைய உருவத்துக்கு எந்த நிறத்தைத் தந்தால் மக்கள் நம்புவர் என்பது செய்பவர் விருப்பத்தைப் பொறுத்தது. அன்று ராபின்சனின் உண்மையான முகத்தை ஒரு படம் மறைத்தது. நாளை முகமே படமாக இருக்கக்கூடும். முகத்தைக் கொண்டு நம்புகின்ற பழக்கத்தை அதற்குள் நாம் விட்டுவிட்டால் நன்று.

வெளி மாநிலத்தில் வாழும் நாம் இத்தராசின் இரு தட்டிலும் இருப்பவர்கள். நம் இந்தியில் தமிழின் சாயல் இருப்பதால் நாம் சொல்வது அரைகுறையாகக் கேட்கப்படுவதை நம்மில் பலர் அறிவர். அண்டை வீட்டில் குடியிருக்கும் மணிப்பூர்க் குடும்பமோ நாகர் குடும்பமோ ஒரு முறையீட்டைச் சொல்லும்போது, அவர்கள் முகத்தைப் பார்த்து அதை அளக்கிறோமா, சொல்லைக் கேட்டு அளக்கிறோமா என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பல்லாண்டுக் காலம் தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்து, 2022இல் மறைந்த சரோஜ் நாராயணஸ்வாமி அவர்களின் குரலைத் தமிழகத்துச் சிற்றூர்களும் நம்பின. அவர் நிறம் என்ன என்று அங்கே யாரும் கேட்டதில்லை. திருத்தமாக, தெளிவாக, நாள்தோறும் தவறாமல் வந்த சொல்லே அந்த நம்பிக்கையை ஈட்டியது.

நம் வீட்டுக் கூடத்தில் குழந்தைகளும் நம்மோடு அமர்ந்து செய்தி பார்க்கின்றனர். வாசிப்பவரின் தோலையும் மூக்கையும் பேச்சையும் பற்றி நாம் உதிர்க்கும் ஒரு சொல், அவர்கள் யாரை நம்பலாம் என்று கற்கும் பாடமாகிவிடுகிறது. 'இவருக்கு இது எப்படித் தெரியும்?' என்று கேட்கக் கற்றுத் தருவோம். 'இவர் யார் இதைச் சொல்ல?' என்று கேட்பதை நாமும் விட்டுவிடுவோம்.